கிழக்கே தோன்றிய ‘ஒற்றர்கள்’

லடாக்கில் பாங்காங் ஏரியின் தென்கரையை ஒட்டி, தாகுங் என்று ஓர் எல்லைக் காவல் இடம் இருக்கிறது. ஏரியே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில் கிடக்கிறது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, அந்தப் பகுதியில் காவல் இருந்த நமது இராணுவ வீரர்கள் வானத்தில் இனம் தெரியாத ஒளிகளைக் கண்டு பதிவேட்டில் எழுதி வந்தார்கள். மொத்தம் 329 பதிவுகள். அவற்றில் 155 தடவை அந்த ஒளி சீனப் பக்கத்திலிருந்து அசல் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் நுழைந்ததாகக் குறிப்பு. சீனா அனுப்பும் ஆளில்லா உளவு விமானமாக இருக்கலாம் என்பது மேலிடத்துச் சந்தேகம்.

கடைசியில் விவகாரம் பெங்களூருக்கு வந்தது. கோரமங்கலாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்து, உளவாளிகள் இருவரையும் அடையாளம் காட்டினார்கள். ஒருவர் பெயர் வியாழன். மற்றவர் பெயர் வெள்ளி.

2013 ஜூலையில் கல்கத்தாப் பத்திரிகை ஒன்று இதை வெளியிட்டதும் நாடு முழுவதும் ஒரே சிரிப்பு. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் இந்தியாவைக் கேலிப் பொருளாக்கின. ஆறு மாத காலம் ஒரு பெரிய இராணுவம் இரண்டு கிரகங்களோடு மல்லுக்கு நின்றதாம்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை எடுத்து வீசாதவர் இல்லை.

அந்தச் சிரிப்பு அப்போதும் தவறு. எல்லையில் பதற்றம் அதன் பிறகு கூடியிருக்கிற நிலையில் இப்போதும் தவறு. ஒளியைக் கண்டு எழுதிய வீரனிடம் குறை இல்லை. அந்த எழுத்து உரியவர் கையில் போய்ச் சேருவதற்கு வழி வகுத்து வைக்காத நிர்வாகத்தில்தான் குறை இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்த முறை காவல் வீரன் கண்டதை எழுதாமல் விட்டுவிடுவான். அது வேறு வகையான ஆபத்து.

கண்டதை எழுதியவன்

தாகுங்கில் இரவுக் காவல் என்றால் என்ன என்பதைச் சமவெளியில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஏரியே உறைந்து பாறையாகிவிடுகிறது. மூச்சு விடக் காற்றுப் போதாது. சுற்றிலும் விளக்கு இல்லை, ஊர் இல்லை, மரம் இல்லை. அருகிலேயே சூசுல். 1962 நவம்பர் 18 அன்று ரெசாங் லா கணவாயில் மேஜர் சைத்தான் சிங் தலைமையில் குமாவோன் படையின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதுமாக மடிந்தது அந்தச் சூசுலைக் காத்து நின்றபோதுதான். அந்த நினைவு அங்குள்ள ஒவ்வொரு காவல் சாவடியிலும் உயிரோடு இருக்கும். கிழக்கே பார்த்துக்கொண்டே இரு, எது தெரிந்தாலும் எழுது என்பதுதான் அவனுக்கு இட்ட கட்டளை.

அந்தக் கட்டளைப்படி அவன் கிழக்கே பார்க்கிறான். கிழக்கே என்ன உதிக்கும்? சூரியன் உதிக்கும், சந்திரன் உதிக்கும், நட்சத்திரமும் கிரகமும் உதிக்கும். லடாக்கின் கிழக்கே இருப்பது சீனாவின் பிடியில் உள்ள நிலம். ஆகவே வானத்தில் எது எழுந்தாலும் அது சீன மலை முகட்டுக்குப் பின்னாலிருந்துதான் எழும். எழுந்தது மெல்ல மெல்ல மேலேறித் தலைக்கு மேலாக மேற்கே, அதாவது இந்தியாவுக்குள், வந்தே தீரும். 155 ‘அத்துமீறல்’ என்று பதிவானது பெரும்பாலும் பூமி சுழல்வதன் விளைவே. மேற்கு எல்லையில் இதே கிரகங்களைப் பார்க்கிறவனுக்கு, அவை நம் நாட்டிலிருந்து பாகிஸ்தானுக்குப் போவதாகத் தெரியும். யாரும் அதைப் பதிவேட்டில் எழுதமாட்டார்கள்.

வெறும் கண்ணால் பார்ப்பவனை ஏமாற்ற அந்த இடத்தில் இன்னும் சில காரணங்கள் உண்டு. அவ்வளவு உயரத்தில் தூசி இல்லை, ஈரம் இல்லை. காற்றின் படலம் மெலிந்தது. ஆகவே கிரகம் சமவெளியில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும். பொழுது விடிந்த பிறகும் வெள்ளியைக் காண முடியும். ஒரு ஒளி மாலை 6 மணிக்குத் தோன்றிக் காலை 5 மணி வரை இருந்தது என்றும், மற்றொன்று காலை 4 மணிக்குத் தோன்றி 11 மணி வரை தெரிந்தது என்றும் வீரர்கள் எழுதியிருந்தார்கள். காலை 11 மணிக்கு நட்சத்திரம் தெரியுமா என்று சமவெளிக்காரர் கேட்கலாம். வெள்ளி தெரியும், இருக்கும் இடம் தெரிந்து பார்த்தால்.

மலை முகட்டை ஒட்டி எழும்போது கிரகம் குளிர்ந்த காற்று அடுக்குகளின் ஊடாகத் தெரிகிறது. அதனால் அது நடுங்கும், நிறம் மாறும். இருட்டில் ஒரே ஒரு ஒளிப்புள்ளியை வெகுநேரம் உற்றுப் பார்த்தால், நிலையாக நிற்பதும் அசைவதுபோல் தோன்றும். இது எல்லா மனிதக் கண்ணுக்கும் உள்ள இயல்பு. மேகம் ஓடினால் ஒளியே ஓடுவதாகத் தெரியும். இத்தனையும் சேர்ந்த இடத்தில் துப்பாக்கியோடு தனியே நிற்பவன் அதைக் கிரகம் என்று நினைக்காமல் விமானம் என்று நினைத்தால் அது கோழைத்தனமும் அல்ல, மடத்தனமும் அல்ல.

கருவிகள் சொன்ன சாட்சி

2012 நவம்பரில் டில்லிப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட விவரங்கள் இன்னும் சுவையானவை. இராணுவமும் இந்தோ-திபெத் எல்லைப் போலீசும் ஒளியைக் கண்டதாகச் சொன்ன பிறகு, ஏரி அருகே ஒரு மலை உச்சிக்கு நடமாடும் ராடார் கொண்டு போகப்பட்டது. வானொலி அலைகளை அலசும் கருவியும் போயிற்று. கண்ணுக்குத் தெரிந்த ஒளி ராடாரில் தெரியவில்லை. அதிலிருந்து எந்த வானொலி அலையும் அகப்படவில்லை. ஓர் ஆளில்லா விமானத்தை அதை நோக்கி ஏவிப் பார்த்தார்கள். அது தன் உயரத்தின் எல்லைக்குப் போயும் ஒளியை எட்டவில்லை.

ராடாரில் விழவில்லை என்றால் உலோகம் அல்லாத பொருள் என்று ஒரு முடிவு கட்டப்பட்டது. மர்மம் கூடியது. சீன லாந்தர் என்றார் ஒருவர், பறக்கும் தட்டு என்றார் இன்னொருவர்.

ஆனால் அந்தக் கருவிகள் உண்மையைத்தான் சொன்னன. ராடார் என்பது அலையை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பி வருவதைக் கொண்டு தூரம் சொல்லும் கருவி. அந்தக் குளிர்காலத்தில் வியாழன் பூமிக்கு மிக அருகில் வந்த 2012 டிசம்பர் தொடக்கத்தில்கூட அதன் தூரம் ஏறக்குறைய 60 கோடி கிலோமீட்டர். மலை உச்சியில் வைத்த ராடாருக்கு அது எட்டுமா? ஆளில்லா விமானம் அதை எட்டவில்லை என்பதில் என்ன வியப்பு? ராடார் “அங்கே ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டது. கேட்டவர்கள் அதை “அங்கே ஏதோ புரியாதது இருக்கிறது” என்று எடுத்துக்கொண்டார்கள்.

விஞ்ஞானிகளும் எடுத்த எடுப்பில் விடை சொல்லிவிடவில்லை. ஏரிக்குத் தெற்கே 150 கிலோமீட்டர் தொலைவில் ஹான்லே என்ற இடத்தில் நம் நாட்டு வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழு 2012 செப்டம்பரில் மூன்று நாள் பார்த்ததாகவும், அது கிரகமோ எரிகல்லோ அல்ல என்று சொன்னதாகவும் இராணுவ வட்டாரங்களை மேற்கோள் காட்டி அதே செய்தி கூறியது. பின்னால் வந்த முடிவு நேர்மாறானது. மூன்று நாள் பார்வைக்கும் பல மாதப் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் அது. இதை மறைக்க வேண்டியதில்லை. நாடியை ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு எல்லா வைத்தியரும் நோயைச் சொல்லிவிடுவதில்லை.

பதிவேடு பேசியது

முடிவு எப்படிக் கிடைத்தது? புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் தோன்றியது, அசையாத நட்சத்திரங்களை ஒட்டி அது எப்படி நகர்ந்தது என்று எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

வானத்தில் உள்ளவை ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஒரு மாதத்தில் அது 2 மணி நேரம் ஆகிறது. கிரகங்களுக்குச் சொந்த நகர்வும் இருப்பதால் கணக்கு சற்று மாறும். 2012 ஆகஸ்டில் நள்ளிரவுக்குப் பிறகு எழுந்த வியாழன், டிசம்பரில் பொழுது சாய்ந்ததுமே எழுந்தது. அந்த ஆண்டின் பிற்பாதி முழுவதும் வெள்ளி விடியற்காலத்தில் தெரிந்து, பிப்ரவரியில் சூரியனை நெருங்கி மறைந்தது. எந்த உளவு விமானமும் இப்படி ஒரு கால அட்டவணையை வகுத்துக்கொண்டு மாதக் கணக்கில் பறக்காது. மணியும் திசையும் ஒழுங்காக எழுதிய பதிவேட்டை எதிரே வைத்துக்கொண்டால், பஞ்சாங்கம் தெரிந்தவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே விடை சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு பழைய தொடர்பை நினைவுபடுத்துவது பொருந்தும். கோரமங்கலா நிறுவனத்தின் வேர் சென்னையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட மெட்ராஸ் வான் ஆய்வகமே அதன் மூதாதை. பிறகு அது கொடைக்கானலுக்குப் பரவியது. வாணியம்பாடியை அடுத்த காவலூரிலும் அதன் தொலைநோக்கிகள் இருக்கின்றன. 1906-ல் இந்திய நேரம் என்று ஒன்று வருமுன், நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் ஓடியது மெட்ராஸ் நேரப்படி. அந்த நேரத்தை நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்துச் சொன்னது அந்த ஆய்வகம். நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் வேலை அந்த நிறுவனத்துக்குப் பரம்பரைத் தொழில். ஹான்லேயில் உள்ள பெரிய தொலைநோக்கியை இன்று இயக்குவதும் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்துதான். லடாக் வானத்தைத் தினமும் பார்ப்பவர்கள் அரசாங்கச் சம்பளத்திலேயே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கேள்வி எழுந்ததற்கும் உறுதியான விடை நாட்டுக்குத் தெரிந்ததற்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிட்டது. கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

காலண்டரில் தெரிந்த குரு

வீரனைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 2012 மே மாதத்தில் குருப் பெயர்ச்சி நடந்தது. குரு மேஷத்திலிருந்து ரிஷபத்துக்குப் போனார். ஆலங்குடியில் அன்று கூட்டம் அலைமோதியது. தமிழர் வாழும் வீடுகளில், பெங்களூர் சிவாஜிநகரிலும் அல்சூரிலும்கூட, யாருக்கு நல்லது, யாருக்குப் பரிகாரம் என்று பேச்சு நடந்தது. தினசரிகள் எல்லாம் பலன் போட்டன. அந்தக் குருவேதான் ஆறு மாதம் கழித்து, ரிஷப ராசியில், ரோகிணி நட்சத்திரத்துக்கு அருகே, பாங்காங் ஏரிக்கு மேலே ‘உளவு விமானமாக’ நின்றவர்.

பெயர்ச்சியைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டு இரவில் மொட்டை மாடிக்கு ஏறி, இதோ குரு என்று கை காட்டியிருப்பார்கள்? காலண்டரில் கிரகத்தைத் தெரியும், ஆகாயத்தில் தெரியாது. விடிவெள்ளி எழுந்ததும் ஏர் பூட்டக் கிளம்பிய பாட்டனுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியவில்லை. தெரு விளக்கு வெளிச்சத்தில் வானமே மறைந்துபோன நகரத்தில் வளர்ந்த பிள்ளையை இராணுவத்தில் சேர்த்து, மலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வெள்ளி எது என்று உனக்குத் தெரியவில்லையே என்று கேட்பது நியாயமா? அவனுக்கு யார் எப்போது காட்டிக் கொடுத்தார்கள்?

சிரிக்க முடியாத கணக்கு

கிரகத்தை விமானம் என்று நினைப்பதால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களும் உண்டு. 2011 ஜனவரி 14 அன்று கனடாவின் டொரண்டோவிலிருந்து சூரிக்குக்குப் போன பயணி விமானம் ஒன்றில், அப்போதுதான் கண் விழித்த துணை விமானி முதலில் வெள்ளியைக் கண்டு விமானம் என்று எண்ணினார்; பிறகு தாழ்வாக எதிரே வந்த உண்மை விமானம் ஒன்று தங்கள்மேல் இறங்கி வருவதாக எண்ணி, விமானத்தைச் சட்டென்று கீழே இறக்கினார். பயணிகள் 14 பேரும் ஊழியர் 2 பேரும் காயமடைந்தார்கள். கனடா அரசின் விசாரணை அறிக்கை இதை மறைக்காமல் சொன்னது. பல ஆண்டு பயிற்சி பெற்ற விமானிக்கே இது நேர்ந்தது.

1960 அக்டோபர் 5 அன்று கிரீன்லாந்தில் அமெரிக்கா புதிதாக அமைத்திருந்த ராடார் நிலையம், சோவியத் ஏவுகணைகள் திரளாக வருவதாக எச்சரித்தது. வந்தது நார்வேக்கு மேலே எழுந்த சந்திரன். 1983 செப்டம்பர் 26 நள்ளிரவில், மேகத்தின்மேல் பட்ட சூரிய ஒளியைச் சோவியத் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ஏவுகணை என்று காட்டின. கர்னல் பெட்ரோவ் என்ற அதிகாரி, ஐந்தே ஏவுகணையோடு யாரும் போர் தொடங்கமாட்டார்கள் என்று யோசித்து, பொய்யான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் நிதானம் இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் எல்லைக்கு வருவோம். ஒளிகளைப் பற்றிய பதிவு 2013 பிப்ரவரி வரை. அடுத்த ஏப்ரல் 15-ம் தேதியே அதே லடாக்கில் தெப்சாங் சமவெளியில் சீனத் துருப்புகள் கூடாரம் அடித்தன. மூன்று வாரம் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்காமலே நம் வீரர்கள் 20 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 155 அத்துமீறல் என்ற எண் ஒரு கோப்பில் இருப்பது சாதாரணமா? அந்த எண்ணை நம்பி ஓர் அதிகாரி ஓர் இரவு சுட உத்தரவிட்டிருந்தால்? குண்டு வியாழனில் விழாது. எதிர்ப்பக்கக் காவல் சாவடியில் விழும்.

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இருக்கிறது. பெங்களூர்த் தமிழர்களில் பல குடும்பங்கள் இந்த ஊருக்கு வந்ததே அந்தப் படையைத் தொட்டுத்தான். எல்லையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இங்கே தூங்காமல் இருக்கும் தாய்மார் இன்றும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இன்று வருவது நிஜமாகவே விமானமாக இருந்தால்?

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அது வலுவான மறுப்பு. 2012-ல் ஒளி கிரகமாக இருந்தது. இன்று அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? 2025 மே மாதம் 8-ம் தேதி இரவு, லே முதல் சர் க்ரீக் வரை 36 இடங்களில் 300 முதல் 400 ஆளில்லா விமானங்களைப் பாகிஸ்தான் ஏவியதாக அரசே அறிவித்தது. சந்தேகம் வந்தால் சுடுவதே நல்லது என்பார்கள்.

இந்த மறுப்பே பயிற்சியின் அவசியத்தைக் கூட்டுகிறது. ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சிக்னலில் விளக்கு அணைந்திருந்தால் அதை ஆபத்து என்றே கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும். பிறகு விசாரித்து, விதிப்படி அனுமதி பெற்றுத்தான் நகர வேண்டும். சந்தேகம் ஒரு மனிதனை நிறுத்த வேண்டும், கேட்கச் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாயச் செய்யக்கூடாது. வானத்தில் நூறு ஒளி இருக்க, அவற்றில் எது கிரகம், எது செயற்கைக்கோள், எது பயணி விமானம் என்று ஒரு நொடியில் கழித்துக் கட்டத் தெரிந்தவனே மிச்சம் இருக்கும் ஒன்றை எதிரி என்று சரியாகப் பிடிப்பான். எல்லாமே எதிரி என்று பார்ப்பவன், எதிரி வரும்போது களைத்துப் போயிருப்பான்.

வானமும் முன்போல் இல்லை. 2019 மே மாதம் முதல் அமெரிக்கத் தனியார் கம்பெனி ஒன்று ஏவிவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முத்துக் கோத்ததுபோல் வரிசையாகப் போவதைக் கண்டு பல நாட்டு மக்கள் மிரண்டார்கள். 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததாகச் செய்தி வர, சுமார் மூன்று மணி நேரம் விமானப் போக்குவரத்து நின்றது. ரஃபேல் விமானங்கள் தேடிப் போயின. அந்தச் சிறு பொருள் அதன் பிறகு தென்படவில்லை என்று விமானப்படை தெரிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், சீன உளவு பலூனைச் சுட்டு வீழ்த்திய அமெரிக்கா, அந்த வேகத்தில் மூன்று நாளில் மேலும் மூன்று பொருள்களைச் சுட்டது. ஒவ்வொரு ஏவுகணையும் 4 லட்சம் டாலருக்கு மேல். ஒன்று குறி தவறியது. பின்னர் அந்த மூன்றும் தனியாரோ ஆராய்ச்சிக்காரரோ விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று ஜனாதிபதி பைடனே சொன்னார். பணம் இருந்தாலும், கருவி இருந்தாலும், அறிமுகம் இல்லாத வானம் எவரையும் ஏமாற்றும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, எல்லைக் காவலுக்குப் போகும் ஒவ்வொரு வீரனுக்கும் வானத்தை அடையாளம் காணும் பயிற்சி வேண்டும். பெரிய படிப்பு தேவையில்லை. இரண்டு இரவு போதும், தெரிந்தவர் ஒருவர் கூட நின்று கை காட்டினால். ஒவ்வொரு காவல் சாவடியிலும் அந்த மாதத்து வான் பட்டியல் ஒன்று சுவரில் தொங்க வேண்டும்: வெள்ளி எப்போது எழும், வியாழன் எங்கே நிற்கும், சந்திரன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று. அச்சுச் செலவு மிகச் சிறிது.

இரண்டாவது, ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஹான்லே, ஹொசகோட்டே, கோரமங்கலா ஆகிய மூன்று இடங்களிலும் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு. காவல் சாவடியில் எழுதியது மறுநாளே அவர்களிடம் போக வேண்டும். கோப்பு மேலே ஏறி, டில்லி சுற்றி, பெங்களூர் வந்து சேர மாதங்கள் ஆவதை இனியும் அனுமதிக்கலாகாது.

மூன்றாவது, விடையை மக்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படை ‘புளூ புக்’ என்ற பெயரில் நடத்தி 1969-ல் முடித்துக்கொண்ட விசாரணையில் 12,618 புகார்கள் பதிவாயின. 701 தவிர மற்றவற்றுக்கெல்லாம் விளக்கம் கிடைத்தது. விமானப்படை பல விவரங்களை மூடி வைத்ததால், அந்த 701-ஐ வைத்தே அரை நூற்றாண்டு காலம் பறக்கும் தட்டுக் கதைகள் செழித்தன. 2024 மார்ச்சில் அந்நாட்டு இராணுவத் தலைமையகம் பழைய ஆவணங்களை எல்லாம் புரட்டி, வேற்றுலகப் பொருள் எதற்கும் சான்று இல்லை என்று அறிக்கை விட்டபோது நம்புவதற்கு ஆள் குறைவு. லடாக் விசாரணையின் முழு விவரமும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும்படி வெளியாகியிருந்தால், அது சிரிப்புக்கு இடமாக இராது, பாடமாக இருந்திருக்கும். இராணுவ இரகசியத்தை வெளியிடச் சொல்லவில்லை. வியாழன் இரகசியம் அல்ல.

நான்காவது, சூசுலில் இரு நாட்டுப் படை அதிகாரிகளும் சந்தித்துப் பேசும் ஏற்பாடு உண்டு. வானத்தில் தெரியும் ஐயப் பொருளைப் பற்றி உடனே கேட்டுக்கொள்ளும் வழியை அங்கே வகுக்கலாம். சீன வீரனும் இரவெல்லாம் விழித்திருக்கிறவன்தான். மாலையில் மேற்கு வானத்தில் வெள்ளி தோன்றும் மாதங்களில், அது இந்திய மலைகளுக்கு மேலே நிற்பதாக அவன் கண்ணுக்குத் தெரியும். அவனும் எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

தாகுங் வீரர்கள் 329 தடவை சலிக்காமல் எழுதினார்கள். ஒரு தடவைகூடத் தோட்டாவைச் செலவழிக்கவில்லை. அதனால்தான் அது கதையாக முடிந்தது. அந்தப் பொறுமைக்கு நாடு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டது. இனியாவது அடுத்த வீரனுக்கு ஒரு வான் பட்டியலையும், கேட்பதற்கு ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்து அனுப்பட்டும்.